கிணற்று மீனுக்குப் பொரி

சேலையூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது ஹவுஸ் ஓனர் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இன்னா வேலை பண்றே?" தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி என்றேன். "விலங்குன்னா, சிங்கம் புலியா?" இல்லை, கொசு என்றேன். கொசுவை ஒழிக்கவா என்று கேட்டார். ஒழிக்கத்தான், ஆனால் அதற்கு முதலில் வளர்க்க வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரே அதை அடிச்சினு கீது. நீ உக்காந்து வளர்க்கிறே. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?" கொடுக்கிறார்கள், நேரத்துக்குத்தான் கொடுப்பதில்லை என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். மாடி போர்ஷனைக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த காம்பவுண்டில் என் பெயர் கொசு டீச்சர்.

அவர்களுடையது சேலையூரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகு மிஞ்சியது அந்த காம்பவுண்டும் நான்கு போர்ஷனும் பின்பக்கம் ஒரு கிணறும். கணவர் இல்லை. வாடகை வசூலிப்பது, மோட்டார் போடுவது, குப்பை வண்டிக்காரரோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அவரே. கோடையில் போர்வெல் உப்புக் கரிக்கும். அப்போது நான்கு போர்ஷனுக்கும் குளிக்க, துவைக்கக் கிணறுதான். காலையில் அவர் கிணற்றடியில் இருக்கும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு இட்லி சாப்பிடுவார். வீட்டுக்குள் உட்கார்ந்து தின்றால் தொண்டையில் இறங்காதாம். நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது, "இந்தா, ஒண்ணு வெச்சுக்க, வெறும் வயித்தோட போயி கொசுவுக்குச் சோறு போடப் போறியா?" என்பார். சில நாள் வாங்கிக்கொள்வேன். பல நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.

அவருக்கு ஒரே மகள். வேலூரில் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லை. ஆஸ்பத்திரி, கோயில், ஜோசியர் என்று சுற்றாத இடமில்லை. நான் குடிவந்து இரண்டாவது வருஷம் ஒரு நாள் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்து, கையில் ஒரு டப்பா சர்க்கரையை வைத்துக்கொண்டு, "வாயத் தொற" என்றார். மகள் உண்டாகியிருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அன்றைக்கே முன்னறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார். பழைய கட்டிலுக்கு வார்னிஷ் அடித்தார். அதற்கு ஏழு மாதம் போக வேண்டும் என்று நான் சொன்னது காதில் விழவில்லை.

அடுத்த வாரமே கீழ் போர்ஷன் பையனுக்குக் காய்ச்சல். விமான நிலையத்துக்குச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவன். போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினான். ரத்தப் பரிசோதனையில் மலேரியா என்று வந்தது. விஷயம் தெரிந்து மாநகராட்சி மலேரியா ஊழியர் ஒருவர் வந்தார். கிணற்றில் வாளியை இறக்கி, மேலாக மொண்டு, ஒரு வெள்ளை ட்ரேயில் ஊற்றினார். நானும் எட்டிப் பார்த்தேன். மற்ற கொசுவின் புழுக்கள் நீரில் தலைகீழாகத் தொங்கும். இவை நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தன. என் லேபில் தினமும் நான் பார்ப்பவைதான். கோயம்பேடு பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைப் பார்த்தது மாதிரி ஒரு கணம் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. மலேரியாக் கொசுவுக்குச் சாக்கடை ஆகாது. இந்த மாதிரிச் சுத்தமான கிணறும் மாடித் தொட்டியும்தான் வேண்டும்.

ஊழியர் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்த கம்பூசியா மீன்களைக் கிணற்றில் விட்டார். விரல் நீளம்கூட இல்லாத மீன். புழுவைத் தின்னும். கிணற்றின் வாய்மேல் வலையும் கட்டச் சொன்னார். "எதுக்கும் கெணத்தையே தூர்த்து மூடிட்டீங்கன்னா நல்லதும்மா. அடுத்த தடவை வரும்போதும் புழு இருந்துச்சுன்னா எங்க ஆபீசர் மூடத்தான் சொல்வாரு" என்றார்.

"மூடறதா?" என்று ஹவுஸ் ஓனர் அம்மா கேட்ட விதத்தில் ஊழியர் ஓரடி பின்னால் போனார். "எம் பொண்ணு வயித்துல புள்ளய வெச்சினு கீது. இந்த நேரத்துல எந்த வூட்லயாவது கெணத்தத் தூர்ப்பாங்களா? வேற வேலையப் பாரு."

இது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. வீட்டில் ஒருத்தி கர்ப்பமாக இருக்கும்போது கிணறு தூர்க்கக் கூடாது, வீடு இடிக்கக் கூடாது, உயிர்க்கொலை கூடாது. ஊழியருக்கும் அது தெரிந்திருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மலேரியாச் செய்தி வேலூருக்கு எப்படிப் போனது என்று தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். சண்டையெல்லாம் போடவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். அந்தக் கிணறு சுத்தமாகாமல் மருமகளை அனுப்புவதற்கில்லை, இத்தனை வருஷம் கழித்து வந்த குழந்தை, வேலூரிலேயே பிரசவம் பார்த்துக்கொள்கிறோம் என்றார். ஹவுஸ் ஓனர் அம்மா போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "நீ சொல்லு. அந்தம்மா சொல்றது தப்பா?" தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் தாய்க்கும் ஆபத்து, சிசுவுக்கும் ஆபத்து. மூடினால் மகளுக்கு ஆகாது, மூடாவிட்டால் மகளை அனுப்பமாட்டார்கள். அவர் படியில் உட்கார்ந்திருந்தபடியே வார்னிஷ் அடித்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ கொசுப்புழுவுக்கு இன்னாவோ மருந்து காய்ச்சறேன்னு சொன்னியே. அதை இதுல ஊத்து."

நான் காய்ச்சியது நொச்சி. ரயில் பாதை ஓரத்து வேலியிலும் ஏரிக்கரையிலும் கிடைக்கும் இலைதான். பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து வடித்தால் கடைசியில் கரும்பச்சையாய் ஒரு களிம்பு மிஞ்சும். அதைத் துளித்துளியாகத் தண்ணீரில் கலந்து புழுக்களை விட வேண்டும். மறுநாள் எத்தனை செத்தன என்று எண்ண வேண்டும். என் துப்பட்டாவில் எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. "நொச்சியா? ஆவி புடிக்கிற நொச்சியா? அதுக்கா இத்தினி வருஷம் படிக்கிறே?" என்று அவர் சிரித்ததுண்டு. இப்போது சிரிக்கவில்லை.

என் ஆராய்ச்சிக்கு கைடாக இருந்த பேராசிரியர் விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். களப் பரிசோதனைக்குக் கிணறு தேடி நாங்கள் அலைந்துகொண்டிருந்தோம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. கிணற்றில் விடப்போகும் அளவு மீனைக் கொல்லாது என்பதை லேபில் முதலில் பார்த்துக்கொண்டேன். போர்ஷன்காரர்களிடமும் சொல்லி, இரண்டு நாள் அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டாம் என்றேன். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இயற்கைதானே மேடம், ஒண்ணும் பண்ணாதில்ல?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். எட்டிக்காயும் இயற்கைதான். ஒன்றும் பண்ணாத பொருளை எதற்கு நான் காய்ச்ச வேண்டும்?

ஊற்றிய மறுநாள் வாளி இறக்கிப் பார்த்தேன். புழுக்கள் செத்து மிதந்தன. ஹவுஸ் ஓனர் அம்மா ட்ரேயைக் கையில் வாங்கிப் பார்த்து, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். ஆனால் வாரம் முடிவதற்குள் பொடிப்பொடியாகப் புதுப் புழுக்கள். திரும்ப ஊற்றினேன். திரும்பச் செத்தன, திரும்ப வந்தன. செடியிலிருந்து எடுக்கும் மருந்தின் குணம் அது. வெயிலிலும் தண்ணீரிலும் சீக்கிரம் சிதைந்துவிடும். நஞ்சு தங்காது என்று ஆய்வுக் கட்டுரையில் பெருமையாக எழுதிக்கொள்ளலாம். கிணற்றடியில் நிற்கிறவருக்கு அது பெருமையில்லை. "நேத்து செத்தது இன்னிக்கி எப்டி வந்துச்சு?" என்று ஒவ்வொரு காலையிலும் கேட்டார். இவை வேறு, புதிதாகக் கொசு வந்து முட்டையிடுகிறது, வலையில் எங்கோ இடைவெளி இருக்கிறது என்றேன். தானே ஸ்டூல் போட்டு வலையை இழுத்துக் கட்டினார். அப்படியும் வந்தன.

எனக்குப் புரியாதது மீன்கள்தான். கம்பூசியா சும்மா இருக்கும் ஜாதியில்லை. லேபில் ஒரு மீன் இருந்தால் ஒரு தட்டுப் புழுவைச் சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடும். இந்தக் கிணற்று மீன்களோ கொழுகொழுவென்று, கல்யாண வீட்டில் பந்தி முடித்த மாமாக்கள் மாதிரி, மெதுவாக மிதந்துகொண்டிருந்தன. புழு பக்கத்திலேயே நெளியும். திரும்பிக்கூடப் பார்க்காது. என் மருந்துதான் அவற்றின் பசியைக் கெடுக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்படியென்றால் என் ஆராய்ச்சியே அம்போ.

ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கி வந்தேன். ஹவுஸ் ஓனர் அம்மா குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டோடு, வலையின் ஓரத்தை விலக்கி, ஒரு டப்பாவிலிருந்து பொரியை அள்ளிக் கிணற்றில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை, இரண்டு கை. உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் துள்ளின.

"ஆன்ட்டி, என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? பொரி போடறேன். மீனு வந்த அன்னிலேந்து போட்டுகினு தான் கீறேன்."

கோயில் குளத்து மீனுக்கு அவர் வருஷக்கணக்காகப் பொரி போட்டவர். மகளுக்குக் குழந்தை வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போட்டது. மகள் உண்டான செய்தி வந்த மறுவாரமே வீட்டுக் கிணற்றுக்கு மீன் வந்திருக்கிறது. சாமியே அனுப்பிய மீனை வெறும் வயிற்றில் விடுவாரா? வலையில் இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. லேபில் நான் புழுக்களுக்கு நாய் பிஸ்கட்டைப் பொடித்துத் தூவுவேன். இங்கே பொரித் தூள் ஊறி, மீனுக்கும் சாப்பாடு, புழுவுக்கும் சாப்பாடு. நான் மருந்து ஊற்ற ஊற்ற அவர் விருந்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"பொரி போடாதீங்க ஆன்ட்டி. அதுக்கு வயிறு ரொம்பிடுது. புழுவைத் திங்கமாட்டேங்குது. அது இங்க வந்ததே புழுவைத் திங்கத்தான்."

அவர் கை டப்பாவுக்குள்ளேயே நின்றது. "பட்டினி போடச் சொல்றியா?"

"பட்டினி இல்ல. பசிச்சா புழுவைத் தின்னும்."

"புழு இல்லாத அன்னிக்கு?"

"எதையாவது தேடிக்கும்."

"வாயில்லா ஜீவன். வயித்துப் புள்ளக்காரி பேர்ல போடறேன். அதைப் போயி நிறுத்தினா அந்தப் பாவம் யாரு மேல விழும், சொல்லு."

இதற்கு விலங்கியலில் பதில் கிடையாது. எனக்கு அதில் நம்பிக்கையும் கிடையாது. "உங்க பொண்ணு இங்க வரணும்னா மீனு பசியோட இருக்கணும். அவ்ளோதான் ஆன்ட்டி" என்றேன். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"எதுவரிக்கும்?" என்று கேட்டார். குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் இங்கே இருக்கும்வரை என்றேன். டப்பாவை மூடினார். "சரி. படிச்சவ சொல்றே. பாவத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஏதோ முணுமுணுப்பு என்று நினைத்துக்கொண்டு நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

அதன் பிறகு நடந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. கடைசியாக ஒரு தடவை மருந்து ஊற்றினேன். மீன்கள் மெலிந்து சுறுசுறுப்பாகின. வலை ஒழுங்காக மூடியே இருந்தது. வாளி இறக்கும்போதெல்லாம் தெளிந்த தண்ணீர் மட்டும் வந்தது. மலேரியா ஊழியர் அடுத்த முறை வந்து, ட்ரேயை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "சுத்தமா கீதும்மா" என்றார். ஹவுஸ் ஓனர் அம்மா அவர் கையிலேயே போனைக் கொடுத்து வேலூருக்குப் பேச வைத்தார். வளைகாப்பு முடிந்து மகளை அனுப்பச் சம்மதித்தார்கள்.

எனக்குத்தான் நஷ்டம். புழு ஒழிந்தது நொச்சியாலா, மீனாலா, வலையாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்தக் கிணற்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று கைடு கையை விரித்தார். அந்த ஆத்திரம் பல நாள் எனக்கு அடங்கவில்லை. கடைசியில் அனகாபுத்தூரில் ஆற்றோரம் மீன் இல்லாத வேறொரு கிணறு பிடித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆய்வேட்டில் சேலையூர்க் கிணற்றுக்கு ஒரு பத்திதான். அதில், "இக்காலத்தில் மீன்களுக்கு வெளியிலிருந்து உணவு எதுவும் அளிக்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதினேன். அந்த மாதிரிப் பத்திகளில் எழுதும் சாதாரண வரிதான்.

வேறு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தாலும் தினமும் காலையில் ஒரு வாளி இறக்கிப் பார்ப்பதை நான் விடவில்லை. ஹவுஸ் ஓனர் அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருப்பார். கையில் காபி டம்ளர் மட்டும் இருக்கும். தட்டு இல்லை. "ஒண்ணு வெச்சுக்க" என்ற பேச்சும் நின்றுபோயிருந்தது. வயசாகிறது, மகள் கவலை என்று நினைத்துக்கொண்டேன். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஒரு நாள் கல்லிலிருந்து எழும்போது தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். பிரஷர் பாருங்கள் ஆன்ட்டி என்றேன். "உன் கொசுவுக்குப் பாரு பிரஷரு" என்றார். பேச்சு பழையபடி இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

மகள் வந்தாள். முன்னறைக் கட்டிலில் கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு, அம்மாவை அதட்டிக்கொண்டு, மாங்காய் கேட்டுக்கொண்டு, நாளைக் கழித்தாள். பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். காம்பவுண்டில் யாருக்கும் அந்த வருஷம் திரும்பக் காய்ச்சல் வரவில்லை. வேலூர் சம்பந்தியம்மா வந்து பார்த்துவிட்டு, கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு, திருப்தியோடு போனார்.

தீட்டுக் கழித்த பிறகு பிள்ளை பெற்றவள் கிணற்றடிக்கு வந்து, மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, முதல் வாளித் தண்ணீர் இறைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்தச் சடங்குக்கு மறுநாள் தாயும் பிள்ளையும் வேலூருக்குக் கிளம்புவதாக இருந்தது. சடங்கன்று காலையில் என்னையும் கூப்பிட்டார்கள். மகள் தண்ணீர் சேந்தினாள். குழந்தை என் கையில் இருந்தது. ஹவுஸ் ஓனர் அம்மா உள்ளே போய் அந்தப் பழைய டப்பாவைக் கொண்டுவந்தார். பொரி புதிது, அன்றைக்கு வாங்கியது.

என்னைப் பார்த்து, "ஒரு கை போட்டா உன் ஆராய்ச்சிக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. என் அனுமதிக்காக நின்றார்.

"போடுங்க ஆன்ட்டி."

வலையை விலக்கி ஒரு கை போட்டார். மீன்கள் மேலே வந்து அள்ளிக்கொண்டன. கடைசிப் பொரி மறையும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பாடா, இனிமேலாவது சாப்பிடு" என்றாள் மகள். எனக்கு விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள். "உங்களுக்குத் தெரியாதா அக்கா? மீனுக்குப் பொரி நிறுத்தின நாள்லேந்து அம்மா காலைல சாப்பிடறதே இல்ல. அதுங்களைப் பட்டினி போட்டுட்டு எனக்கு மட்டும் இன்னா இட்லின்னு கேக்குது. நான் வந்து எவ்ளோ திட்டினேன் தெரியுமா? அந்தப் பாவம் எம்மேல வரக்கூடாதாம். அதான் தம்மேல எடுத்துகிச்சாம்."

என் கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அவருக்கு எதிரே நின்று நான் தண்ணீரில் புழு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். பாவத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னது, சும்மா சொன்னதில்லை.

ஹவுஸ் ஓனர் அம்மா வலையை இழுத்துக் கட்டி, முடிச்சைச் சரிபார்த்து, டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா நின்னுகினு கீறே, கொசு டீச்சர்?" என்றார். "புள்ளய அவகிட்ட குட்த்துட்டு, உள்ள போயி ரெண்டு இட்லி எடுத்தா. பசிக்குது."